உன் ஆளைக் கேள்

நோரீன் கெராட்டி இருபது வருஷமாக யாரும் படிக்காததை எழுதிப் பிழைத்தவள். கதை கவிதை எழுதிவிட்டு வாசகர் இல்லையே என்று மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. பங்குச் சந்தை மென்பொருள்களுக்குக் கையேடு எழுதுகிறவள். இந்தப் பொத்தானை அமுக்கினால் இது வரும், இந்தக் கட்டத்தில் இருப்பது நேற்றைய விலை, இப்படி. கையேட்டை எந்த மகராசன் படிக்கிறான்? கண்ட பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பான், நடக்காவிட்டால் போன் போட்டுக் கத்துவான். அதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறதே என்றால் இன்னும் கொஞ்சம் கத்துவான். முதலில் அவளுக்கு வருத்தமாக இருந்தது. போகப்போக அதுவே ஒரு நிம்மதி ஆகிவிட்டது. யாரும் படிக்காத எழுத்தில் தப்பு இருந்தால்தான் என்ன குடி முழுகிவிடும்?

அந்த நிம்மதிக்குப் போன நவம்பரில் வேட்டு வைத்தார்கள்.

லாசால் தெருவில் அவள் வேலை பார்க்கிற இடம் ஆப்ஷன் விலைகளைத் திரட்டி விற்கிற ஒரு சின்ன நிறுவனம். நவம்பரில் அவர்கள் புதிதாக ஒரு கருவியை வெளியிட்டார்கள். அது மனிதர்களுக்கு இல்லை, ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு. இப்போது எங்கள் சிகாகோவில் பாதிப் பேர் தங்கள் சேமிப்பை இந்த ஏஜென்ட்டுகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கால்நீட்டிப் படுத்திருக்கிறார்கள். ஏஜென்ட் இந்தக் கருவியிடம் விலை கேட்கும், கணக்குப் போடும், தானே வாங்கும், தானே விற்கும். கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று அதற்குச் சொல்வது நோரீன் எழுதிய குறிப்பு. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுக் கத்தத் தெரியாது. குத்துமதிப்பாகப் பொத்தானை அமுக்கிப் பார்க்கவும் தெரியாது. உட்கார்ந்து குறிப்பைப் படிக்கும், ஒரு சொல் விடாமல். படித்ததை அப்படியே நம்பும்.

அன்றிலிருந்து நோரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. எதைப் பார்த்தாலும், இதை ஓர் ஏஜென்ட் படித்தால் என்ன செய்யும் என்று மனம் ஓடியது. பால் டப்பாவில் 'திறந்தபின் ஒரு வாரத்துக்குள் குடிக்கவும்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, குடிக்க மனமில்லாதவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தில் குடித்துத் தீர்ப்பதாக நினைத்துக் கலங்கினாள். இருபது வருஷம் வாசகர் இல்லாதவளுக்குத் திடீரென்று வாசகர் கிடைத்தால் இப்படித்தான் ஆகும்போல.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய முதலாளி ஸிக்மண்ட் வோய்டாஸ், ஊருக்கெல்லாம் ஸிகி, அந்தக் குறிப்பை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பழைய வியாபாரி. பேனாவால் காது குடைகிற பழக்கத்தைத் தவிர மோசமான ஆள் இல்லை.

"நோரீன், இது போலந்துக்காரன் வீட்டுக் கல்யாண விருந்து மாதிரி போய்க்கிட்டே இருக்கு. ஏஜென்ட்டு படிக்கிற வார்த்தைக்கு வார்த்தை கஸ்டமருக்குக் காசு செலவு. எனக்கு ஒரு சாண்ட்விச் போதும்."

"எதை எடுக்கச் சொல்றீங்க? எல்லாம் தேவைதான்."

"இதப் பாருங்க. 'சில காண்ட்ராக்டுகள் நூறு பங்கு இல்லை.' இதையுமா எழுதணும்? சொத்தையத் தொடக்கூடாதுன்னு இந்தத் தெருவுல புறா கூடத் தெரிஞ்சு வச்சிருக்கு."

நோரீன் சிரித்துவிட்டாள். அவளுக்கும் தெரிந்ததுதான். அவள் வளர்ந்த வீட்டில் சோறு போடும்போதே சொத்தைப் பேச்சுதான். அண்ணன் டெர்மட் அந்தக் காலத்தில் சந்தைத் தளத்தில் இறங்கி நின்று, கையை ஆட்டித் தொண்டை கிழியக் கத்தி வியாபாரம் பண்ணியவன். ஆப்ஷன் என்பது வேறொன்றும் இல்லை, வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து விலை பேசி வைப்பதுபோலத்தான். இன்ன தேதிக்குள் இன்ன விலைக்கு இந்தப் பங்கை வாங்கிக்கொள்ளும் உரிமை. ஒரு காண்ட்ராக்ட் என்றால் நூறு பங்கு. ஆனால் ஒரு கம்பெனி தன் பங்குகளைச் சேர்த்தோ பிரித்தோ வைத்தால் பழைய காண்ட்ராக்டுகள் அங்கஹீனமாகிவிடும், நூறு என்பது பத்தாகவோ வேறெதுவாகவோ மாறும். அதற்குத்தான் தளத்தில் சொத்தை என்று பெயர். யாரும் யாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. எழுதியும் வைத்ததில்லை. தெரியாதவன் அந்தத் தளத்தில் நின்றதே இல்லை.

ஆகவே அந்த வரியை எடுத்தாள். கூடவே, எத்தனை பங்கு என்று காட்டுகிற கட்டத்தைப் பற்றிய வரியும் போயிற்று. மிஞ்சியது: 'ஒரு காண்ட்ராக்ட் என்பது நூறு பங்கு. மற்றக் கட்டங்கள் பெரும்பாலும் தேவைப்படாது.' கச்சிதமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அன்று மாலை அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

சனி ஞாயிறு முழுக்கப் பனி கொட்டியது. திங்கள்கிழமை காலை வீட்டில் உட்கார முடியாமல் நோரீன் எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் வந்துவிட்டாள். காபியை வைத்துக்கொண்டு, வழக்கம்போலச் சோதனைக்காக வைத்திருந்த ஏஜென்ட்டிடம் கேட்டாள்: இன்று வாங்குவதற்கு நல்லதாக ஏதாவது உண்டா?

உண்டு என்றது அது. அதற்கு உற்சாகம் பொங்கிற்று. கிரேடன் பம்ப்ஸ் என்ற கம்பெனியின் பங்கு இருபது டாலர். அதை இரண்டரை டாலருக்கு வாங்கும் உரிமை வெறும் ஐந்து சென்ட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு காண்ட்ராக்ட் என்பது நூறு பங்கு என்று குறிப்பு சொல்கிறது. ஆகவே சந்தை திறந்ததும் கிடைக்கிற அளவுக்கெல்லாம் வாங்கப் பரிந்துரைக்கிறேன்.

நோரீன் அவசரமாகக் கம்பெனி அறிவிப்பைத் தேடிப் பார்த்தாள். கிரேடன் பம்ப்ஸ் அன்று காலையிலிருந்து பத்துப் பழைய பங்கை ஒரு புதுப் பங்காகச் சேர்த்திருந்தது. இரண்டு டாலர் பங்கு இருபது டாலர் ஆனது அதனால்தான். பழைய காண்ட்ராக்ட் இனி நூறு பங்கு தராது, பத்துதான் தரும். அந்த உரிமையைப் பயன்படுத்துகிறவன் பழையபடி நூறு பங்குக்கான இருநூற்றைம்பது டாலரைக் கொடுத்து இருநூறு டாலர் சரக்கை வாங்கிக்கொண்டு வருவான். அசல் சொத்தை. அது பத்து என்று ஒரு கட்டத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கட்டம் தேவைப்படாது என்று சொன்னது அவள்.

கைக்குட்டையில்லாமல் தும்மியவள்போல் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. எழுந்து ஜன்னல்வரை போனாள், திரும்பினாள், மறுபடியும் போனாள். ஊரில் உள்ள ஏஜென்ட்டுகள் எல்லாம் இதையே படித்துவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கும். அவற்றில் ஒன்று டெர்மட்டுடையது.

தளத்தை மூடி எல்லாவற்றையும் திரைக்கு மாற்றியபோது டெர்மட்டுக்கு மிஞ்சியது கரகரத்துப் போன தொண்டையும் கொஞ்சம் சேமிப்பும். தளத்துக்காரர்களுக்கு ஓய்வூதியம் ஏது? விமான நிலையத்துக்கு வேன் ஓட்டினான். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வசந்தத்தோடு வேனை விட்டுவிட்டு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சேமிப்பு அத்தனையையும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஓர் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு, தங்கையிடம் வந்து சொன்னான்.

"உன் கம்பெனி சரக்க வச்சுத்தான் அது ஓடுதாம். அப்ப நீ எழுதினதப் படிச்சுத்தான் ஓடுது. எனக்கு அது போதும்."

"நீ படிச்சியா, நான் எழுதினத?"

"நான் எதுக்குடி படிக்கணும்? அதான் அது படிக்குதே."

இப்போது அவனைப் போனில் பிடித்தாள். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"டெர்மட், நான் சொல்றதக் கேளு. உன் ஏஜென்ட்ட உடனே…"

"நோரி, இருடி. இங்க ஒருத்தன் என் நாற்காலிய எடுத்துட்டான்."

"என்னது?"

"என் நாற்காலி! நேத்து மூணு மணி நேரம் குனிஞ்சு பனிய வெட்டி எடம் பண்ணேன். என் முட்டிய வச்சுக்கிட்டு! நாற்காலியப் போட்டுட்டு உள்ள போனேன். புதுசா குடிவந்த பயல், நாற்காலியத் தூக்கி நடைபாதைல வச்சுட்டு அவன் காரக் கொண்டாந்து சொருகியிருக்கான். கேட்டா, எங்க எழுதியிருக்குங்கறான்!"

எங்கும் எழுதியில்லைதான். எங்கள் ஊரில் பனியை வெட்டினவனுக்குத்தான் இடம், அடையாளத்துக்கு ஒரு நாற்காலி. மேயரிலிருந்து திருடன்வரை எல்லோரும் மதிக்கிற சட்டம் அது. சட்டப் புத்தகத்தில் மட்டும் கிடையாது.

"நாற்காலி கெடக்கட்டும் டெர்மட், இது உன் பணம்…"

"எங்க எழுதியிருக்காம்! டேய், ஒன்ன என்ன பண்றேன் பாரு… நோரி, அப்புறம் பேசறேன். இவன் காரு மேல தண்ணிய ஊத்தி உறைய வைக்கப்போறேன்."

போன் அணைந்தது. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடித்தாள். செய்தி அனுப்பினாள். அவன் செய்தி படிக்கிற ஆள் இல்லை என்பது அனுப்பும்போதே தெரியும்.

ஸிகி பூட்ஸிலிருந்து பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். மேல்கோட்டைக் கழற்ற விடாமல் அவனைத் திரைமுன் இழுத்துவந்து காட்டினாள். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்தது.

"அடக் கடவுளே. சொத்தைய வாங்கச் சொல்லுது."

"நாமதான் சொல்றோம், ஸிகி. அது நம்மள நம்புது."

"குறிப்ப மாத்துங்க. இப்பவே."

"மாத்தினா புதுசா வர்றது படிக்கும். வெள்ளிக்கிழமையே படிச்சு வச்சிருக்கிறது திரும்பி வந்து படிக்காது. விலை கேக்கும்போது பதிலோட சேர்ந்து போற ஒரு வரி இருக்கே, 'இந்த விலை தாமதமானது'ன்னு எப்பவாவது போடுவோமே, அதுல போடலாம். பதிலப் படிச்சே ஆகணும்ல?"

"போடுங்க."

நோரீன் தட்டினாள்: 'இது நூறு பங்கு அல்ல. பத்துப் பங்குதான். வாங்காதே.'

ஸிகி பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டான். "கடைசி வார்த்தைய எடுங்க."

"ஏன்?"

"வாங்கு, வாங்காதன்னு நாம சொல்லக் கூடாது. நாம விக்கிறது தகவல். ஆலோசனை சொல்ல நமக்கு லைசென்ஸ் இல்ல. நாளைக்கே வக்கீல் வந்து நிப்பான்."

"வாங்காதன்னு சொல்லலேன்னா அது கணக்கப் போட்டுட்டு, எதுக்கும் கொஞ்சம் வாங்கி வைப்போம்னு போயிடும் ஸிகி. இத்தன நாளா அதோட மல்லுக்கு நிக்கிறேன், எனக்குத் தெரியும். நிறுத்தணும்னா 'நில்லு'ன்னு சொல்லணும்."

"அப்ப நிக்கச் சொல்லுங்க. நின்னு அவங்கவங்க ஆளக் கேக்கச் சொல்லுங்க. மனுசன் பாத்தா தெரிஞ்சுக்க மாட்டானா?"

நோரீன் யோசித்தாள். டெர்மட்டை நினைத்துக்கொண்டாள். இருபது வருஷம் தளத்தில் நின்றவன், ஒரு பார்வை பார்த்தால் போதும், சொத்தை என்று தூக்கி எறிந்துவிடுவான். இதுவே நல்லதுதான் என்று தோன்றியது. கடைசிச் சொல்லை அழித்துவிட்டு எழுதினாள்.

'இது நூறு பங்கு அல்ல. பத்துப் பங்குதான். மலிவாகத் தெரிவது அதனால்தான். வாங்குமுன் நில். உன் ஆளைக் கேள்.'

ஸிகி வாய்விட்டுப் படித்துத் தலையாட்டினான். அனுப்பினார்கள். நோரீன் சோதனை ஏஜென்ட்டிடம் மறுபடியும் கேட்டாள். அது கிரேடன் பம்ப்ஸ்வரை வந்தது. நின்றது. அவள் எழுதிய வரிகளை அப்படியே அவளுக்கே காட்டி, நான் வாங்கட்டுமா என்று கேட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் பெற்றவள் அவள்தான் இந்த ஊரிலேயே.

எட்டரைக்குச் சந்தை திறந்தது. இந்தக் காலத்தில் மணிச் சத்தமெல்லாம் கிடையாது, திரையில் எண்கள் ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். நோரீன் உட்காரவில்லை. கிரேடன் பம்ப்ஸின் அந்தச் சொத்தை ஐந்து சென்ட்டில் அசையாமல் நின்றது. பிறகு பத்து சென்ட். நாற்பது. அவள் நகத்தைக் கடித்தாள். யாரோ வாங்குகிறார்கள். ஒரு டாலர். யார் வாங்குகிறார்கள்? மூன்று டாலர்வரை போய்விட்டு, ஏறின வேகத்தில் தடதடவென்று இறங்கி ஐந்து சென்ட்டுக்கே வந்து படுத்துக்கொண்டது. டெர்மட்டுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கழிப்பறைக்குப் போனாள், அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பி வந்தாள். காபியில் ஆடை படிந்திருந்தது.

ஸிகி தன் அறையிலிருந்து ஓடிவந்தான். முகமெல்லாம் பல்.

"நோரீன்! எல்லா ஏஜென்ட்டும் நின்னுருச்சு. ஒண்ணு விடாம! ஒண்ணுகூடத் தானா வாங்கல. நீங்க எழுதினத அப்படியே அவங்கவங்க ஆளுக்கு அனுப்பிக் கேட்டிருக்கு."

"அப்புறம் யாரு வாங்கினது?"

"அதான் வேடிக்கையே. கேட்டதுல பத்துல நாலு பேரு 'சரி'ன்னு அமுக்கிட்டாங்க. படிச்சாத்தானே? நம்மாளுங்க என்னிக்குப் படிச்சானுங்க?" அவன் பேனாவால் காதைக் குடைந்துகொண்டே சிரித்தான். "ஆனா இனிமே நம்ம தலைல விழாது. நாம தெளிவா சொல்லியாச்சு, அவங்க ஆளும் சரின்னு சொல்லியாச்சு. வக்கீல் போன்லயே கை குலுக்கினான்னு வச்சுக்குங்களேன். அந்த வரி இனி நிரந்தரம். உங்களுக்கு மத்தியானம் பீஃப் சாண்ட்விச் என் கணக்கு, காரமா மொளகா போட்டு."

நோரீன் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். இந்தத் தடவை டெர்மட் முதல் மணியிலேயே எடுத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாக இருந்தான்.

"எடுத்துட்டான்டி காரை! தெருவே கூடிருச்சு. அந்தக் கெழவி மிசஸ் டோரன் பனித் தள்ளுமட்டையத் தூக்கிட்டு வந்துட்டா. பய ஒரே ஓட்டம்."

"டெர்மட், உன் ஏஜென்ட்டு காலைல ஏதாவது கேட்டுச்சா?"

"ஆமா, நைநைன்னு போன் அலறிக்கிட்டே இருந்துச்சு. நான் சண்டைல இருக்கேன், அது வேற. சரின்னு அமுக்கித் தொலைச்சேன். ஏன்?"

நோரீன் சுவரில் சாய்ந்தாள். சுவர் ஜில்லென்றிருந்தது.

"என்ன வாங்கியிருக்குன்னு பாரு."

"இருடி, கையுறைய அவுக்கிறேன்." தூரத்தில் யாரோ பனி வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் பேசினான். குரலில் சண்டைக்காரன் போய்விட்டிருந்தான். "நோரி. இது சொத்தையாச்சே."

"ஆமா."

"மூணு டாலருக்கு வாங்கியிருக்கு. முக்காவாசிப் பணத்துக்கு. இப்ப அஞ்சு சென்ட்டுல கெடக்கு."

"வித்துப் பாக்கலாமா?"

"யாருக்குடி விக்கறது? சொத்தைய எவன் வாங்குவான், என்னத் தவிர?" அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நான் போயி இத வாங்குவேனா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட வாங்க மாட்டேனே. யாருமே எனக்கு ஒரு வார்த்தை…"

அவன் நிறுத்தினான். திரையைத் தள்ளிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் அந்தக் கரகரத்த தொண்டையால் ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டுகிறவன்போல வாசித்தான்.

"இது நூறு பங்கு அல்ல. பத்துப் பங்குதான். மலிவாகத் தெரிவது அதனால்தான். வாங்குமுன் நில். உன் ஆளைக் கேள்."

நோரீன் அழுதுகொண்டிருந்தாள். அவள் எழுதியதை அண்ணன் படித்துக் கேட்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"நீ எழுதினதாடி இது?" என்று கேட்டான் டெர்மட்.

"ஆமா."

"நல்லாப் புரியுது, நோரி."